தன்னியக்க இசைத் தாழ்த்தல்

தன்னியக்க இசைத் தாழ்த்தல் என்பது, ஒலிப்பதிவில் குரல் ஒலிக்கும்போது பின்னணி இசையின் ஒலியளவைத் தானாகக் குறைத்து, குரல் நின்றதும் பழைய அளவுக்கு உயர்த்தும் ஒலிக்கலவை முறை ஆகும். ஆங்கிலத்தில் இது ‘டக்கிங்’ எனப்படுகிறது. தாழ்வான வாசலில் நுழைபவர் தலையைக் குனிந்துகொள்வதுபோல, குரல் வரும்போது இசை குனிந்துகொள்கிறது என்ற கருத்தில் இப்பெயர் ஏற்பட்டது.

வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், ஒலிநூல், பாடப்பதிவு ஆகிய எல்லாவற்றிலும் இம்முறை பயன்படுகிறது. கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, வழிகாட்டும் செயலி “இடப்புறம் திரும்பவும்” என்று சொன்னால் பாட்டு சற்று அடங்கிப் பிறகு எழுவதும் இதுவே. ஆண்ட்ராய்டு 8.0 பதிப்பிலிருந்து (2017) இவ்வேலையை இயங்குதளமே செய்துவருகிறது.

தேவை

ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேட்கவிடாமல் செய்வது ஒலி மறைப்பு எனப்படும். பேச்சும் இசையும் ஒரே அலைவெண் பரப்பில் ஒலிக்கும்போது மறைப்பு மிகுதியாகிறது. பேச்சின் தெளிவுக்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிக இன்றியமையாதது. வீணை, வயலின், புல்லாங்குழல், ஆர்மோனியம் ஆகியவற்றின் மேற்சுரங்களும் அதே பகுதியில் விழுகின்றன. மேலும், உரத்த தாழ்சுருதி ஒலிகள் தமக்கு மேலுள்ள அலைவெண்களையும் மறைக்கும் இயல்புடையவை. ஆகவே தவில், மிருதங்கம் போன்றவற்றின் தொப்பி ஒலியும் பேச்சுக்கு இடையூறாகலாம்.

மறைப்பில் முதலில் அடிபடுபவை மெய்யெழுத்துகள். உயிரொலிகள் வலுவும் நீளமும் உடையவை. இசையை மீறிக் கேட்டுவிடும். மெய்யொலிகளோ குறுகியவை, மெலிந்தவை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தமிழ் இலக்கணம் வகுத்துள்ளது. ஒரு மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம். அதில் பாதியளவே ஒலிக்கும் எழுத்தை இசை விழுங்கிவிடுவது எளிது. ஆனால் சொல்லின் பொருள் பல இடங்களில் அந்த அரை மாத்திரையில்தான் இருக்கிறது. ‘படம்’ என்பதும் ‘பட்டம்’ என்பதும் ஒரு மெய்யால் வேறுபடுகின்றன. ‘வலி’, ‘வழி’, ‘வளி’ ஆகியவை நாக்கு தொடும் இடத்தால் வேறுபடுகின்றன. இசை உரத்து ஒலித்தால் இவ்வேறுபாடுகள் மறைந்து, ஏதோ பேசுகிறார்கள் என்பது மட்டுமே காதில் விழும்.

நல்ல செவித்திறன் உள்ளவர், விடுபட்ட எழுத்தைச் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். முதுமையில் உயர் அலைவெண்களைக் கேட்கும் திறன் குறைவதால், முதியவர்களுக்கு அந்த ஊகம் கடினம். பாடத்தை முதன்முறையாகக் கேட்கும் மாணவருக்கும் அவ்வாறே. தெரியாத சொல்லை ஊகிக்க முடியாது. பார்வையற்றோர் பலர் ஒலிநூலை நம்பியிருக்கிறார்கள்; எழுத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. இசையைத் தாழ்த்துவது அழகுக்காகச் செய்யப்படுவது அன்று. கேட்பவருக்குப் பொருள் சென்று சேர வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவது.

பக்கவாத்திய மரபு

குரலுக்கு இசை இடம்விடுவது கருவிகள் வருவதற்கு முன்பே தமிழகத்தில் நிலைபெற்ற ஒழுக்கம். கருநாடக இசைக் கச்சேரியில் பாடகர் பாடும்போது வயலின் அடக்கமாகப் பின்தொடரும். பாடகர் நிறுத்தியதும் விட்ட இடத்தை நிரப்பும். மிருதங்கமும் குரல் மெலிந்து செல்லும் இடங்களில் தானும் மெலியும். தனி ஆவர்த்தனத்தில் முழு வலுவுடன் ஒலிக்கும்.

இந்த வயலின் மரபில் தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்துக்குத் தனி இடம் உண்டு. கருநாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் பாலுசுவாமி தீட்சிதர், எட்டயபுரம் அரசவையில் இசைக்கலைஞராக விளங்கினார். அவர் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய இசைக்கலைஞரிடம் அக்கருவியைக் கற்றவர். அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்திலேயே காலமானார். அவருடைய நினைவிடம் அவ்வூரில் உள்ளது. மேலைநாட்டுக் கருவி ஒன்று தமிழ்நாட்டில் பாட்டுக்குப் பணிந்து வாசிக்கும் பக்கவாத்தியமாக மாறிய வரலாற்றில் இவ்வூருக்கும் பங்கு உண்டு.

தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் இதே ஒழுக்கத்தை இன்னும் தெளிவாகக் காணலாம். பாட்டு வரும்போது வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் ஓங்கி ஒலிக்கும். புலவர் கதையை வசனமாகச் சொல்லத் தொடங்கியதும் அவை அடங்கும். ‘ஆமாம்’ போடுபவரின் குரலும் கதைத் தொடரை மறிக்காமல் அதன் முடிவில் விழும். எவரும் கைகாட்ட வேண்டியதில்லை. கதை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பது குழுவினருக்குத் தெரியும்.

கையிலிருந்து கருவிக்கு

ஒலிபரப்பு வந்தபின் இவ்வேலை கட்டுப்பாட்டு அறைக்கு மாறியது. அறிவிப்பாளர் பேசத் தொடங்கும்போது இசைத்தட்டின் ஒலியளவைக் கையால் குறைப்பதும், பேச்சு முடிந்ததும் ஏற்றுவதும் நிலைய வழக்கமாயின. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஒரு காலத்தில் தமிழகத்தின் தென்கரை மாவட்டங்களில் பரவலாகக் கேட்கப்பட்டது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் வீட்டுக்கு வீடு அறிமுகமானவை. பாடலின் தொடக்க இசையின்மீது பேசி, பாடகரின் குரல் வருவதற்குள் பேச்சை முடித்துக்கொள்வது வானொலி அறிவிப்பாளரின் திறமையாக மதிக்கப்பட்டது. அங்கே இரண்டு குரல்களுக்கும் இசை முறையாக வழிவிட வேண்டியிருந்தது.

ஒலியளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவிகள் 1930-களில் ஒலிபரப்புத் துறைக்காக உருவாயின. ஒலி ஓர் எல்லையைத் தாண்டும்போது அதை அடக்குவது அவற்றின் வேலை. 1960-களில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ-2ஏ என்னும் ஒலியமுக்கி, ஒளியைக் கொண்டு இதைச் செய்தது. ஒலி உயர்ந்தால் உள்ளேயுள்ள ஒளிர்தகடு ஒளிரும். அந்த ஒளி பட்டதும் எதிரேயுள்ள ஒளியுணர் மின்தடையின் மதிப்பு மாறி, ஒலி தணியும்.

இக்கருவிகளில் ஓர் ஒலி தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. அடக்கும் ஆணையை வேறோர் ஒலியிலிருந்து பெற்றால் அதுவே இசைத் தாழ்த்தல் ஆகிறது. அவ்வாறு ஆணை தரும் ஒலிவழி ‘சைட்செயின்’ எனப்படும். குரல் ஆணையிடுகிறது, இசை தணிகிறது. திருவிழாக்களுக்கு வரும் மைக்செட் ஒலிபெருக்கிகள் பலவற்றில் உள்ள மைக் முன்னுரிமை அமைப்பும் இவ்வகையே. பாட்டு ஓடும்போது மைக்கில் பேசினால் பாட்டு தானாக அடங்கும்.

செயற்படும் முறை

இசைத் தாழ்த்தலை ஐந்து அளவுகள் தீர்மானிக்கின்றன.

தொடக்க வரம்பு: குரல் எவ்வளவு உயர்ந்தால் இசை தணிய வேண்டும் என்பது. இது டெசிபெல்லில் குறிக்கப்படும். கணினியில் பதியக்கூடிய உச்ச அளவு 0 டெசிபெல். மற்றவை அதற்குக் கீழே எதிர்மக் குறியுடன் எழுதப்படும்.

தாழ்வளவு: இசை எத்தனை டெசிபெல் குறைய வேண்டும் என்பது. 6 டெசிபெல் குறைத்தால் அலையின் வீச்சு ஏறத்தாழப் பாதியாகும். 12 டெசிபெல் குறைத்தால் காற்பங்காகும். 20 டெசிபெல் குறைத்தால் பத்தில் ஒரு பங்காகும். காது அதே விகிதத்தில் உணர்வதில்லை. ஏறத்தாழ 10 டெசிபெல் குறைந்தால்தான் ஒலி பாதியானதுபோல் தோன்றும்.

இறங்கு நேரம்: இசை முழுமையாகத் தணிய எடுத்துக்கொள்ளும் நேரம்.

காத்திருப்பு நேரம்: குரல் நின்றபின், அது மீண்டும் தொடருமா என்று பார்க்கும் இடைவெளி.

ஏறு நேரம்: இசை பழைய அளவுக்கு மீள எடுத்துக்கொள்ளும் நேரம்.

சில கருவிகள் குரல் வந்தவுடன் இசையைக் குறிப்பிட்ட அளவு தாழ்த்திவிடும். ஒலியமுக்கி வகைக் கருவிகளோ குரலின் உயரத்துக்கேற்பத் தாழ்த்தும். அவற்றில் தாழ்வளவுக்கு மாற்றாக விகிதம் கொடுக்கப்படும். எடுத்துக்காட்டாக, தொடக்க வரம்பு –30, விகிதம் 4:1, குரல் –18 எனக் கொள்வோம். குரல் வரம்பை 12 டெசிபெல் தாண்டியுள்ளது. 4:1 என்பதால் அந்த 12-இல் நான்கில் ஒரு பங்காகிய 3 மட்டுமே அனுமதிக்கப்படும். மீதி 9 டெசிபெல் கழிக்கப்படும். அக்கழிவு குரலின்மீது அன்றி இசையின்மீது செலுத்தப்படுவதால், இசை 9 டெசிபெல் தணிகிறது. குரல் மெலிந்தால் கழிவும் குறையும்.

நேரலையில் ஒரு சிக்கல் உண்டு. குரல் வந்த பிறகே கருவிக்கு அது தெரியும். இசை தணிவதற்குள் முதல் எழுத்து போய்விடலாம். இதைத் தவிர்க்கச் சில கருவிகள் ஒலியை மிகச் சிறிது நேரம் தாமதித்து வெளியிடுகின்றன. பதிவுசெய்த கோப்புகளில் இச்சிக்கல் இல்லை. மென்பொருள் குரல் வரப்போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, அதற்கு முன்னரே இசையைத் தணித்துவிடும்.

ஆடாசிட்டியில் செய்தல்

ஆடாசிட்டி என்பது கட்டற்ற, இலவசமான ஒலித்தொகுப்பு மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பெர்க் ஆகியோர் தொடங்கிய இம்மென்பொருள் 2000-இல் வெளியிடப்பட்டது. இதில் ‘ஆட்டோ டக்’ என்னும் வசதி உள்ளது. பள்ளி விழாவுக்குக் கவிதை ஒப்புவிப்பதைப் பதிவுசெய்து, அதன் பின்னணியில் வீணையிசை சேர்ப்பதாகக் கொண்டு இதன் படிகளைக் காணலாம்.

1. இசைத்தடத்தை மேலேயும் குரல்தடத்தை அதற்கு நேர் கீழேயும் வைக்க வேண்டும். மென்பொருள் கீழே உள்ள தடத்தையே ஆணையிடும் தடமாக எடுத்துக்கொள்ளும்.

2. இசைத்தடத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். குரல்தடம் தேர்வில் இருக்கக்கூடாது.

3. எஃபெக்ட் பட்டியலில் ஆட்டோ டக்கைத் திறக்க வேண்டும். தாழ்வளவு –12 டெசிபெல், காத்திருப்பு 1 நொடி, வெளி இறக்கமும் வெளி ஏற்றமும் அரை நொடி, உள் இறக்கமும் உள் ஏற்றமும் 0, தொடக்க வரம்பு –30 டெசிபெல் என்பவை அதில் முதலில் காணப்படும் மதிப்புகள்.

4. செயற்படுத்திக் கேட்க வேண்டும். பொருந்தாவிடில் செயலை நீக்கி, மதிப்புகளை மாற்றி மீண்டும் செய்யலாம். மூலக் கோப்பின் படியைத் தனியே வைத்திருப்பது நல்லது.

இம்மதிப்புகள் வேலை செய்யும் விதம் பின்வருமாறு. குரல் 10-ஆம் நொடியில் தொடங்கி 14-ஆம் நொடியில் நின்று, 14.6-இல் மீண்டும் தொடங்கி 20-இல் முடிகிறது எனக் கொள்வோம். இசை 9.5-ஆம் நொடியில் இறங்கத் தொடங்கி, குரல் தொடங்கும் 10-ஆம் நொடியில் முழுமையாகத் தாழ்ந்திருக்கும். இடையிலுள்ள 0.6 நொடி, காத்திருப்பு நேரமாகிய 1 நொடியைவிடக் குறைவு என்பதால் இசை எழாது. 20-ஆம் நொடிக்குப்பின் அரை நொடியில் பழைய அளவுக்கு மீளும்.

எவ்வளவு தாழ்த்துவது

வலைத்தள உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டும்படி அமைவதற்காக 2008-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு நெறிமுறைகளின் உயர்நிலைத் தகுதியில், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் உள்ளது. ஓரிரு நொடி மட்டும் வரும் ஒலிகளுக்கு விலக்கு உண்டு. செவித்திறன் குறைந்தோரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது இது.

இங்கே பலர் தவறுவது தாழ்வளவை மட்டும் பார்த்து, இசையின் தொடக்க அளவைப் பார்க்காமல் விடுவதில்தான். குரலின் சராசரி –18, இசையின் சராசரி –20 என்றால், 12 டெசிபெல் தாழ்த்தியபின் இசை –32-இல் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி 14 டெசிபெல் மட்டுமே. 20 வேண்டுமென்றால் 18 டெசிபெல் தாழ்த்த வேண்டும். அல்லது முதலிலேயே இசையை 6 டெசிபெல் குறைத்துவிட்டு 12 தாழ்த்தலாம். இரண்டாவது வழியில் இசையின் ஏற்ற இறக்கம் சிறிதாக இருப்பதால் காதுக்கு உறுத்தாது.

பிழைகளும் திருத்தங்களும்

இசை மூச்சுவாங்குதல்: ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே இசை எழுந்து எழுந்து அடங்கும். காத்திருப்பு நேரமும் ஏறு நேரமும் மிகக் குறைவாக இருப்பதே காரணம். ‘பட்டம்’ போன்ற சொற்களில் வல்லின இரட்டிப்பின்போது வாய் ஒரு கணம் முழுமையாக மூடிக் குரல் நின்றுவிடும். நேரங்கள் மிகக் குறுகியிருந்தால் கருவி அந்தக் கணத்தையும் பேச்சின் முடிவாக எடுத்துக்கொள்ளும். கவிதை வாசிப்பில் அடிகளுக்கு இடையிலுள்ள நிறுத்தம் நீண்டது என்பதால், காத்திருப்பு நேரத்தை 1.5 அல்லது 2 நொடி வரை உயர்த்திப் பார்க்கலாம்.

முதலெழுத்து மறைதல்: இறங்கு நேரம் குரலுக்குள் நீள்வதால் வருவது. வெளி இறக்கத்தைக் கூட்டி, உள் இறக்கத்தை 0 ஆக்க வேண்டும்.

அடி இறுதி மறைதல்: வாசிப்பவர் அடியின் கடைசியில் குரலைத் தாழ்த்தினால், அது தொடக்க வரம்புக்குக் கீழே போய்விடும்; சொல் முடியுமுன் இசை எழும். வரம்பை –30-இலிருந்து –36 அளவுக்கு இறக்கலாம். குரல்தடத்தை முதலில் சீராக்கிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது.

தேவையற்ற இடத்தில் தாழ்தல்: இருமல், புத்தகத் தாள் புரளும் ஒலி, தெருவில் செல்லும் வண்டி, மயில் அகவல் எதுவாயினும் வரம்பைத் தாண்டினால் கருவி அதையும் குரலாகவே எடுத்துக்கொள்ளும். மின்விசிறியின் இரைச்சல் வரம்புக்கு மேலிருந்தால், இசை தொடக்கம் முதல் இறுதிவரை தாழ்ந்தே இருக்கும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்துவதும், பேச்சில்லாத இடங்களில் குரல்தடத்தை ஒலியற்றதாக்குவதும் தீர்வுகள்.

முறையின் எல்லை

மேற்கண்ட பிழைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. கருவிக்கு ஒலியின் உயரம் மட்டுமே தெரியும்; பொருள் தெரியாது. வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவருக்குக் கதை தெரியும். புலவர் ஒரு சொல்லை நிறுத்தி வைப்பது அவையோரைக் காத்திருக்கச் செய்வதற்கா, அல்லது அடுத்த பாட்டுக்கு வழிவிடுவதற்கா என்று அவர் அறிவார். கருவி இரண்டையும் மௌனம் என்றே கொள்ளும். உருக்கமான நிறுத்தத்தில் இசையை எழுப்பி அதைக் கெடுத்துவிடும்.

ஆகவே நீண்ட உரை, பாடப்பதிவு, அறிவிப்பு போன்றவற்றுக்குத் தன்னியக்க முறை ஏற்றது. கவிதை, நாடகம் போன்றவற்றில் கருவி முதலில் செய்துகொடுத்ததைப் பிறகு கையால் திருத்துவதே வழக்கம். ஆடாசிட்டியில் உறைக்கோட்டுக் கருவியைக் கொண்டு, இசை எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று புள்ளி வைத்துக் குறிக்கலாம். இசை முழுவதையும் தாழ்த்தாமல், பேச்சுக்கு இடையூறான அலைவெண் பகுதியை மட்டும் குரல் வரும்போது குறைக்கும் கருவிகளும் உள்ளன. அவற்றில் இசையின் நிறைவு குன்றாமல் சொல்லும் தெளிவாகும்.

பிற பயன்பாடுகள்

மேலைநாட்டு ஆட்ட இசையில் இம்முறை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுகிறது. அங்கே ஆணையிடுவது குரல் அன்று, பெருமுரசு. ஒவ்வொரு அடிக்கும் மற்ற இசை அமுங்கி எழுவதால் அலை வீசுவதுபோன்ற துடிப்பு உண்டாகிறது. பேச்சுப் பதிவில் பிழையாகக் கருதப்படும் மூச்சுவாங்குதல் அங்கே அழகாகிறது. ஒரு மொழியின் பேச்சின்மீது மற்றொரு மொழியின் மொழிபெயர்ப்பை ஒலிக்கச்செய்யும் ஆவணப்படங்களிலும், மூலக் குரலைத் தாழ்த்த இதே முறை உதவுகிறது.

சரிபார்த்தல்

ஒலிக்கலவை செய்தவருக்கு வாசகம் மனப்பாடமாக இருக்கும். இசை மறைத்த சொல்லையும் அவர் காது நிரப்பிக்கொள்ளும். எனவே பதிவைச் செய்தவரே அதன் தெளிவைத் தீர்மானிப்பது சரியாகாது. வாசகத்தை அறியாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்துச் சொல்வதெழுதுதல் நடத்துவது எளிய சோதனை. அதையும் நல்ல ஒலிபெருக்கியில் அன்றி, பெரும்பாலோர் கேட்கும் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலேயே நடத்த வேண்டும். எழுதியதில் ‘பட்டம்’ ‘படம்’ ஆகியிருந்தால், பிழை எழுதியவருடையது அன்று. அந்த இடத்தில் இசை இன்னும் தாழ வேண்டும்.